சின்ன வேலையும் செட்டிங் நேரமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசிப் பேச்சு என்னுடையது. பின்பக்கத்திலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. அதோடு போட்டி போட என்னால் முடியாது. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "தம்பி, நேரத்தை எப்படி நிர்வாகம் பண்றதுன்னு பேசுங்க" என்றார். நேரத்தை யாரும் நிர்வாகம் பண்ண முடியாது. அது நம்மைக் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும். நம்மால் நிர்வாகம் பண்ண முடிந்தது நாம் கையில் எடுக்கிற வேலைகளை மட்டும்தான். எந்த வேலையை எப்படிச் செய்வது என்று நமக்கு நான்கு வருடம் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த வேலையை விட்டுவிடுவது என்று எந்த செமஸ்டரிலும் பாடம் இல்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வேகம் வேறு, விடுவது வேறு

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்று ஒருவர். 1885இல், 17 வயதில், செங்கல் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு அந்த வேலையையே ஆராய்ச்சி செய்தார். ஒரு செங்கலை எடுத்து வைக்கக் கொத்தனார் 18 அசைவுகள் செய்கிறார் என்று எண்ணினார். அதை 5 ஆகக் குறைத்தார். ஒரு ஆள் மணிக்கு 120 செங்கல் வைத்த இடத்தில் 350 வைக்க முடிந்தது என்று டெய்லர் தமது 1911ஆம் ஆண்டு நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? கில்பிரெத் கொத்தனாரிடம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லவில்லை. சுவர் உயர உயரத் தானும் உயர்த்திக்கொள்ளக் கூடிய சாரத்தை அமைத்தார். செங்கல்லும் கலவையும் கைக்கு எட்டும் உயரத்தில் வந்தன. ஒவ்வொரு செங்கல்லுக்கும் குனிந்து நிமிர்கிற வேலையே போய்விட்டது. குனிவதை வேகமாகச் செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை. குனிவதை விட்டுவிட வைத்தார்.

நாம் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர் எதிர். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, வேகமாகக் குனிந்து வேகமாக நிமிர்ந்துகொண்டிருக்கிறோம்.

நம்ம பக்கத்து மண்

நம் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குள் ஒருமுறையாவது கால் வைத்திருப்போம். இன்பிளாண்ட் டிரெயினிங் என்று ஒரு மாதம் போயிருப்போம், அல்லது அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருப்போம். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ். ஆவடியில் 1955இல் ட்யூப் புராடக்ட்ஸ். அதே ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன். அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்து போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரின் நாடித்துடிப்பு எங்கே இருக்கிறது என்று.

இந்த மண் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஒரு பீஸுக்கு 4 வினாடி மிச்சம் பிடித்தால், ஆயிரம் பீஸுக்கு 4,000 வினாடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். இதை எஸ்டேட்டில் எட்டாம் வகுப்பு படித்த ஆபரேட்டரும் வாயாலேயே கணக்குப் போட்டுச் சொல்வார். ஆனால் மெஷினுக்குப் போடுகிற இந்தக் கணக்கை மனிதனின் நாளுக்கு நாம் போடுவதில்லை. "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று எடுத்துக்கொள்கிறோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்தக் கல் நாம்தான்.

செட்டிங் நேரம்

அஞ்சு நிமிட வேலை ஏன் அஞ்சு நிமிடத்தில் முடிவதில்லை? இதற்கு விடை பிரஸ் ஷாப்பில் இருக்கிறது.

ஒரு பிரஸ்ஸில் ஒரு பாகம் அடிக்க சில வினாடிதான். ஆனால் அதற்கு முன்னால் பழைய டையைக் கழற்றி, புது டையை ஏற்றி, உயரம் சரிபார்த்து, முதல் பீஸ் அடித்து, அளந்து, ஓகே வாங்க வேண்டும். இதைத்தான் ஷாப்பில் செட்டிங் என்கிறோம். பத்து பீஸ் அடித்தாலும் பத்தாயிரம் பீஸ் அடித்தாலும் செட்டிங் ஒன்றுதான். 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் "ஒரே தடவையில் எத்தனை பாகம் செய்வது" என்று கேட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நாமெல்லாம் நெட்டுருப் போட்ட அந்த ஸ்கொயர் ரூட் ஃபார்முலா அதிலிருந்து வந்ததுதான்.

நம் மூளையும் ஒரு பிரஸ்தான். ஒரு டிராயிங்கை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன் வருகிறது: "சார், அந்த கூரியர் ரசீதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." போட்டோ எடுக்க அரை நிமிடம். ஆனால் டிராயிங் என்ற டையைக் கழற்றி, கூரியர் என்ற டையை ஏற்றி, அனுப்பி, மறுபடி டிராயிங்குக்கு வந்து "எங்கே விட்டோம்?" என்று தேடி, விட்ட இடத்தைப் பிடிக்கிறவரை எல்லாமே செட்டிங். சின்ன வேலையின் விலை அதைச் செய்யும் நேரம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் ஆகிற செட்டிங் நேரம். ஒரு நாளில் முப்பது தடவை டை மாற்றினால் சாயங்காலம் உடம்பு களைத்திருக்கும், ஆனால் உற்பத்தி என்று காட்ட ஒன்றும் இருக்காது. "காலையிலேர்ந்து உட்காரக்கூட இல்ல, ஆனா என்ன பண்ணேன்னு தெரியல" என்று சொல்கிறோமே, அதுதான் இது.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ இந்தச் செட்டிங்கையே ஆராய்ந்தார். 1950இல் ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ தொழிற்சாலையில், இன்றைக்கு மஸ்தா என்று சொல்கிறோமே அதில்தான், பெரிய பிரஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. காரணம், டையை மாட்ட ஒரு போல்ட் கிடைக்கவில்லை. ஆள் அதைத் தேடி ஷாப் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். மெஷின் நிற்கும்போது மட்டுமே செய்யக் கூடிய வேலை எது, மெஷின் ஓடும்போதே வெளியில் முடித்து வைக்கக் கூடிய வேலை எது என்று ஷிங்கோ அங்கே பிரித்தார். 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸின் டை மாற்ற 4 மணி நேரம் ஆனது. அதை முதலில் 90 நிமிடம் ஆக்கி, பிறகு 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கைகள் வேகமானதால் மட்டும் வந்த மிச்சம் இல்லை இது. மெஷின் நிற்கும் நேரத்தில் செய்யத் தேவையில்லாத வேலைகளை அங்கிருந்து எடுத்துவிட்டதால் வந்தது.

சிவப்பு அட்டை

1998இல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அது. அதன் பின் இந்த வட்டாரத்தில் இன்னும் சில நிறுவனங்கள் அதை வாங்கின. லூகாஸ் டிவிஎஸ்ஸுக்கு 2004இல் கிடைத்தது. அந்தக் காற்று எஸ்டேட்டில் பத்து ஆள் வைத்து நடத்துகிற யூனிட் வரை வீசியது. பெரிய கம்பெனிக்குப் பாகம் சப்ளை செய்கிறவன் தானும் மாறியே ஆக வேண்டும் அல்லவா?

அந்தக் காற்றோடு வந்ததுதான் ஃபைவ் எஸ். சுவரில் தமிழில் போர்டு எழுதி மாட்டியிருப்பார்கள். அதில் முதல் எஸ், செய்ரி. தேவையானதையும் தேவையில்லாததையும் பிரித்து, தேவையில்லாததை வெளியே அனுப்புவது. சந்தேகமான பொருளில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி, தேதி போட்டு, தனி இடத்தில் வைப்பார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் தேடி வராவிட்டால் அது வெளியே போகும்.

இரண்டாவது எஸ் அடுக்குவது. மூன்றாவது துடைப்பது. வரிசையைப் பாருங்கள். முதலில் வெளியே அனுப்பு, அப்புறம் அடுக்கு, அப்புறம் துடை. வேண்டாத பொருளை அழகாக அடுக்கித் தினமும் துடைப்பது மடத்தனம். ஆனால் வேலைகள் விஷயத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம். வேண்டாத வேலைகளைப் பட்டியல் போட்டு, கலர் கலராகக் கோடு போட்டு, மொபைலில் மணி அடிக்க வைத்து, ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் வேலை பார்க்கும் யூனிட்டில் கம்ப்ரசர் பிரஷரை ஷிப்டுக்கு நான்கு தடவை ஒரு நோட்டில் எழுதுவார்கள். பிறகு அதையே இன்னொரு பாரத்தில் எழுதி, மூன்றாவதாகக் கம்ப்யூட்டரிலும் ஏற்றுவார்கள். அந்த நோட்டை யார் பார்க்கிறார்கள் என்று எங்கள் ஃபோர்மேன் அண்ணனிடம் கேட்டேன். எஸ்டேட்டிலேயே முப்பது வருடம் இருப்பவர்.

"அது ஒரு கஸ்டமர் ஆடிட்ல கேட்டாங்க தம்பி. அவங்க ஆர்டர் போயி பல வருஷம் ஆச்சு. நோட்டு மட்டும் இன்னும் போகல."

அந்த நோட்டில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினோம். ஒரு மாதம் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும் தொடர்கிறது, ஏனென்றால் மெயின்டனன்ஸ் ஆட்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலும் ஆர்டர் போன பின்னும் போகாத நோட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருக்காக ஆரம்பித்தது? அவர் இன்னும் இருக்கிறாரா? ஒரு மாதம் நிறுத்தினால் யாராவது தேடுவார்களா?

விட்டதா, தள்ளியதா?

வேலை தானாகக் குறையாது, தானாகப் பெருகும். இதை 1955இல் பார்க்கின்சன் கிண்டலாக எழுதினார். அவர் காட்டிய கணக்கு இது. பிரிட்டிஷ் கடற்படையில் 1914இல் பெரிய போர்க்கப்பல்கள் 62, 1928இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்தின் அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராக ஆனார்கள். கப்பல் குறைந்தது, காகிதம் கூடியது.

அரசாங்கம் சில சின்ன வேலைகளை விட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். மார்க் ஷீட் நகலில் பச்சை மை கையெழுத்து வாங்க கெசட்டட் ஆபீசரைத் தேடி அலைந்த அனுபவம் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. ஒரு கையெழுத்துக்கு அரை நாள் போகும். அந்த அதிகாரிக்கும் அது வேலைக்கு நடுவே வருகிற தொந்தரவுதான். 2014இல் மத்திய அரசு சுய சான்றொப்பம் போதும் என்று வலியுறுத்தியது. அசலைக் கடைசியில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று ஆனது. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லைகளில் வணிகவரிச் செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டன. லாரி டிரைவர் வரிசையில் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. நல்லது. ஆனால் 2018இல் இ-வே பில் வந்தது. இப்போது சரக்கு கிளம்பும் முன் எங்கள் டிஸ்பாட்ச்சில் இருக்கிற பெண் வண்டி நம்பர் முதல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மொத்தத்தில் நேரம் மிச்சம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலையின் ஒரு பகுதி மறையவில்லை, ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறியது. ஒரு வேலையை விடும்போதெல்லாம் இதைக் கேட்க வேண்டும்: நான் இதை விட்டேனா, அல்லது என்னை விடச் சம்பளம் குறைந்தவர் மேல், எதிர்த்துப் பேச முடியாதவர் மேல் தள்ளினேனா?

விடக் கூடாத சின்ன வேலை

"சார் சொல்லிட்டாரு, சின்ன வேலையெல்லாம் விட்டுடலாம்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் நடந்தது நமக்குத் தெரியும். அந்த விஷவாயு டாங்கியைக் குளிர்விக்க ஒரு குளிர்பதனச் சாதனம் இருந்தது. அது பல மாதமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க ஒரு கோபுரம் இருந்தது. அதுவும் ரிப்பேருக்காக இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவருக்கு அவையெல்லாம் 'இப்போதைக்குத் தேவையில்லாத' வேலைகளாகத் தெரிந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

ஆகவே ஒரு வேலை சின்னதா பெரியதா என்பதைச் செய்ய ஆகும் நேரத்தை வைத்து அளக்கக் கூடாது. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வைத்து அளக்க வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. எஃப்எம்இஏ தாளில் முதலில் என்ன நிரப்புகிறோம்? தவறினால் பாதிப்பு எவ்வளவு கடுமை என்பதைத்தானே? ஷிப்டு ஆரம்பத்தில் பிரஸ்ஸின் சேஃப்டி கார்டைத் தொட்டுப் பார்க்க பத்து வினாடி. கேஜைத் துடைத்து மாஸ்டரோடு ஒப்பிட இரண்டு நிமிடம். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் புதுப் பையன்களுக்குச் சொல்வார்: "நோட்டு எழுத மறந்தா நாளைக்கு எழுதிக்கலாம்டா. வெரல் போனா நாளைக்கு வராது." சிவப்பு அட்டை எதில் கட்டலாம், எதில் கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதியை நான் கேட்டதில்லை.

திருக்குறளில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. வேண்டாததைச் செய்தாலும் கேடு, வேண்டியதை விட்டாலும் கேடு என்று இரண்டு பக்கமும் எச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல்; யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பது அதன் பொருள். நம் ஊர்ப் பாடம்தான் இது, ஜப்பானிலிருந்து மட்டும் வந்தது இல்லை.

வீட்டுக்குள்ளே

சகோதரிகள் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தீர்கள். இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. பத்து நிமிடம் பெண்களுக்குக் குறைந்தது. ஒன்பது நிமிடம் நாமும் குறைத்துக்கொண்டோம்! இந்த விஷயத்தில் மட்டும் சிவப்பு அட்டை கட்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிஜமாகவே வேலை மறைந்த உதாரணமும் உண்டு. ஆட்டுக்கல்லில் அம்மா கையால் அரைத்த காலம் போய் வெட் கிரைண்டர் வந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்குக் கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் தெருவுக்கு ஒரு மாவுக் கடை இருக்கிறது. ஐம்பது வீட்டில் ஐம்பது தடவை ஊறவைத்து, அரைத்து, கிரைண்டர் கழுவுகிற வேலை ஒரே இடத்தில் ஒரே தடவை நடக்கிறது. செட்டிங் ஒன்று, பேட்ச் பெரியது. ஹாரிஸ் ஃபார்முலா மாவுக் கடைக்கும் பொருந்தும்.

ஆனால் வீட்டு வேலையில் மறைந்திருக்கும் ஒரு பகுதி உண்டு. எந்த வேலைக்கும் மூன்று பாகம்: ஞாபகம் வைப்பது, செய்வது, முடிந்ததா என்று பார்ப்பது. "கேஸ் புக் பண்றது என் பொறுப்பு" என்று கணவர் சொல்கிறார். சிலிண்டர் தீரப் போவதைக் கவனிப்பது மனைவி. "புக் பண்ணீங்களா?" என்று மூன்று தடவை கேட்பது மனைவி. வந்த சிலிண்டரை எடை பார்த்து வாங்குவதும் மனைவி. கணவர் செய்தது ஒரு மிஸ்டு கால். இதில் ஒப்படைப்பு எங்கே இருக்கிறது? ஒரு வேலையை ஏற்றுக்கொள்வது என்றால் ஞாபகத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்வது. தலையில் சுமக்கிற பட்டியல்தான் ஆளைக் களைக்க வைக்கிறது, கையில் செய்கிற வேலை அல்ல.

அதேபோல ஒப்படைக்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. கொடுத்துவிட்டால் விட்டுவிட வேண்டும். துணி மடிப்பது நம்மைப் போல இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இருக்கத் தெரிய வேண்டும். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தால், அடுத்த முறை யாரும் மடிக்க வர மாட்டார்கள். ஆபீசிலும் இதே கதைதான். ஜூனியர் எழுதிய லெட்டரில் ஒவ்வொரு கமாவையும் திருத்துகிற மேலாளர், கடைசி வரை எல்லா லெட்டரையும் தானே எழுதிக்கொண்டிருப்பார்.

எதற்காக விட வேண்டும்?

நம் சீனியர் ஒருவர் எஸ்டேட்டில் சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறார். பன்னிரண்டு ஆட்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரு சக்கர வாகன இன்ஜினுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிறார். காலையில் ஷட்டரைத் திறப்பது அவர். டீக்குப் பணம் கொடுப்பது அவர். பில் போடுவது, பேங்குக்குப் போவது, டூல் வாங்கப் பாரிமுனைக்கு ஓடுவது, கரன்ட் போனால் போன் செய்வது எல்லாம் அவர். "ஆள் வெச்சா சரியா பண்ண மாட்டாங்க, நானே பண்ணிடறேன்" என்பார். இப்படித்தான் பதினைந்து வருடமாக நடத்துகிறார். நேர்மையான உழைப்பாளி. யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காதவர்.

இப்போது அவர் முன்னால் நிற்கிற கேள்வி வேறு. மின்சார ஸ்கூட்டரில் பிஸ்டன் இல்லை, கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை. அவர் செய்கிற பாகமும் அதில் இல்லை. பெட்ரோல் வண்டி நாளைக்கே நின்றுவிடப் போவதில்லை. ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கு என்ன செய்வது என்று இன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். புது கஸ்டமரைப் போய்ப் பார்க்க வேண்டும். அலுமினியத்துக்கு மாறுவதா, மருத்துவக் கருவிப் பாகங்களுக்குப் போவதா என்று விசாரிக்க வேண்டும். ஐமா நடத்துகிற கண்காட்சியில் ஒரு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். "எங்கே நேரம்?" என்கிறார். அவருக்கு நேரம் இல்லாமல் இல்லை. அது டீக்கடைக்கும் பேங்குக்கும் பாரிமுனைக்கும் சில்லறை சில்லறையாகப் போய்விட்டது.

போன மாதம் அவரைப் பார்த்தேன். பில் போடுவதையும் பேங்க் வேலையையும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்திருக்கிறார். வியாழக்கிழமை மதியம் யூனிட்டுக்குள் வருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். "மொதல்ல கை நமநமன்னுது, இப்ப பழகிடுச்சு" என்றார். அந்த வியாழக்கிழமைகளில்தான் பன்னிரண்டு குடும்பங்களின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது. சின்ன வேலையை விடச் சொல்வது சோம்பேறியாக இருப்பதற்கு அல்ல. பெரிய வேலை நம் வாசலில் வந்து காத்திருக்கிறது என்பதற்காக.

அகல உழுவதை விட ஆழ உழு என்று நம் தாத்தாக்கள் சொன்னது வயலுக்கு மட்டும் இல்லை.

என்ன செய்யலாம்?

பொறியாளர் பேசினால் கடைசியில் செய்முறை இருக்க வேண்டும். இதோ.

ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வருகிற சில்லறை வேலைகளை ஒற்றை வரியில் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான்கு கூறாகப் பிரியுங்கள்.

முதல் கூறு, விட்டுவிட வேண்டியது. யாரும் பார்க்காத ரிப்போர்ட், யாருக்கும் வேண்டாத மீட்டிங், தினமும் காலையில் நாற்பது குரூப்புக்கு அனுப்புகிற பூப்படம். சிவப்பு அட்டை, ஒரு மாதம், அவ்வளவுதான்.

இரண்டாவது, சேர்த்துச் செய்ய வேண்டியது. கரன்ட் பில், போன் பில், இன்சூரன்ஸ், சொத்து வரி எல்லாவற்றையும் மாதத்தில் ஒரே சாயங்காலம். மெயிலுக்குப் பதில் நாளைக்கு இரண்டு வேளை. ஒரு செட்டிங்கில் முழு பேட்ச்.

மூன்றாவது, ஒப்படைக்க வேண்டியது. ஞாபகத்தோடு சேர்த்து ஒப்படையுங்கள்; பிறகு எட்டிப் பார்க்காதீர்கள். வாங்கிக்கொள்கிறவருக்கு அதற்கு நேரம் இருக்கிறதா, கூலி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

நான்காவது, கையில் வைத்துக்கொள்ள வேண்டியது. சேஃப்டி கார்டும் கேஜும் இதில். அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது இதில். குழந்தை கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல் வரை நடப்பதும் இதில்தான். அது நேரத்தைத் தின்னும் வேலை மாதிரித் தெரியும். ஆனால் மற்ற மூன்று கூறுகளையும் குறைப்பது இதற்காகத்தான்.

கடைசியாக நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் செயலாளரும் பொருளாளரும் ஒவ்வொரு சந்திப்புக்கும் நானூறு பேருக்குத் தனித்தனியாகப் போன் செய்கிறார்கள். முகவரி மாறியவரைத் தேடுகிறார்கள், சந்தா கட்டாதவருக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. இன்றைக்குச் சாப்பிடப் போகும் முன், ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஒருவர் அவர்களிடம் போய், "எங்க பேட்ச் முகவரியும் சந்தாவும் இனி என் பொறுப்பு, நீங்க ஞாபகம் வெச்சுக்க வேணாம்" என்று சொல்லுங்கள். எங்கள் பேட்ச்சுக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். அந்த நானூறு போன் கால் மிச்சமானால், கடைசி வருடம் படிக்கும் மாணவர்களுக்கு இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பயிற்சி வாங்கித் தரும் திட்டம் வெகு நாளாகப் பேச்சிலேயே நிற்கிறதே, அதை எடுத்து நடத்த அவர்களுக்கு நேரம் இருக்கும்.

சாம்பார் ஆறிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.